போலந்துச் சிற்றூர்களின் பெயர்களில் வாழும் குடிகள்

நேயர்களுக்கு வணக்கம். போலந்தின் ஊர்ப்பெயர்களில் ஆறும் காடும் மண்ணும் நிறையவே உண்டு. ஆனாலும் என்னை மிகவும் ஈர்ப்பவை, அங்கே வாழ்ந்த குடிகளின் பெயரே ஊருக்கும் ஆகிவந்த பழம்பெயர்கள்தாம்.

போலந்தின் முதல் அரச மரபான பியாஸ்ட் மரபினர் ஆண்ட காலத்தில், அரசனின் கோட்டைகளைச் சுற்றியிருந்த பல ஊர்கள் ஆளுக்கொரு பணியைச் செய்துவந்தன. கேடயம் செய்தவர்களின் ஊர் ஷ்சித்னிகி. வேட்டைக்கு ராஜாளி பழக்கியவர்களின் ஊர் சொகொல்னிகி. ரொட்டி சுட்டவர்களின் ஊர் பியெகாரி. காட்டு மரப்பொந்துகளில் தேனீ வளர்த்தவர்களின் ஊர் பார்த்தொஜெயெ. அந்தப் பணிமுறை மறைந்து நூற்றாண்டுகள் ஆகியும், ஒரே பெயர் நாட்டின் பல மூலைகளிலும் வழங்கிவருவதைக் கொண்டு அன்றைய அரசாட்சி நடந்த விதத்தை நாம் ஊகித்தறிய முடிகிறது. பின்னர்க் காடு திருத்திக் குடியேறியவர்களுக்குச் சில ஆண்டுகள் இறையிலிச் சலுகை கிடைத்ததை 'விடுதலை' என்று பொருள்படும் 'வோலா' என்னும் பெயர் சொல்கிறது.

'இட்செ' என முடியும் பெயர்கள் பெரும்பாலும் ஒருவருடைய வழியினரைக் குறிப்பவை. அவற்றுள் தென்மேற்குப் பகுதியான சிலேசியாவிலுள்ள புருகாலிட்செயின் கதை எழுத்திலேயே கிடைக்கிறது. அங்குள்ள ஹென்ரிகுஃப் என்னும் கிறித்தவத் துறவிமடத்தின் தலைவர் பியோத்தர், மடத்து நிலங்களின் உரிமையை நிலைநாட்ட 1270ஆம் ஆண்டையொட்டி எழுதிய ஏட்டில் இது வருகிறது. நீராலைகள் அரிதாயிருந்த அக்காலத்தில், போகுஹ்வாவ் என்ற செக் நாட்டவரின் மனைவி ஓயாமல் திரிகையில் மாவரைப்பாள். அவள்மேல் இரங்கிய கணவர், "கொடு, நான் அரைக்கிறேன், நீ ஓய்வெடு" என்றார். இலத்தீன் ஏட்டின் நடுவே அவர் பேசியபடியே பதிவான இவ்வாக்கியமே, போலிய மொழியின் மிகப் பழைய எழுத்து வாக்கியமாகப் போற்றப்படுகிறது. மனைவிக்காகத் திரிகை சுற்றியவரை அக்கம்பக்கத்தார் புருகாவ் என்று அழைக்கத் தொடங்க, அவர் வழியினருக்கும் ஊருக்கும் அதுவே பெயராயிற்று. மன்னர்களின் கொடைகளைவிட இந்த ஒரு கணவரின் பரிவு ஊர்ப்பெயரில் நிலைத்தது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின், ஜெர்மனியிடமிருந்து வந்த மேற்கு, வடக்குப் பகுதிகளின் ஊர்களுக்குப் பெயர் வரையறுக்க 1946இல் ஓர் ஆணையம் அமைந்தது. பழைய ஸ்லாவியப் பெயர் ஆவணங்களில் கிடைத்த இடங்களில் அதை மீட்டார்கள். பிற இடங்களில் புதிதாகப் படைத்தார்கள். ரைஷன்பாஹ் நகரம் அப்போதுதான், தேனீக்களை ஆராய்ந்த பாதிரியார் யான் ஜெர்ஜோனின் நினைவாக ஜெர்ஜோனியுஃப் ஆனது.