அந்தப் புகைபோக்கி எங்கே போயிற்று, நடுவர் அவர்களே?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் மாடிப்படிகளிலும் திண்ணைகளிலும் உட்கார்ந்திருக்கும் திருவொற்றியூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். ‘காவியப் புனைவின் முழுச் சுவையைத் தருவது நாவலா, திரைப்படமா?’ என்பது தலைப்பு. நாவலே என்று பேச வந்திருக்கிறேன். ‘நாவல் கற்பனையை வளர்க்கும்’ என்று நான்கு பக்கம் எழுதி எடுத்து வந்தேன். அத்தனையையும் எங்கள் அணித் தலைவர் முதலிலேயே பேசிவிட்டார். ஆகவே என் சொந்தக் கதைக்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் பதினோரு ஆஸ்கர் விருதுகளை மேசையில் அடுக்கிவிட்டுப் போனார். உண்மைதான். ஆங்கில எழுத்தாளர் டோல்கியனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலைப் படமாக்கிய வரிசையில் 2003-இல் வந்த மூன்றாம் படம் 11 பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டுப் பதினொன்றையும் வாரிக்கொண்டது. இன்னொன்றையும் நானே தாரை வார்க்கிறேன். மலை உச்சிக்கு மலை உச்சி தீ மூட்டி உதவி கேட்பார்களே, அந்தக் காட்சி. நாவலில் அது சில வரிகளில் கடந்துபோகிறது. திரையில் ஒவ்வொரு தீயாகப் பற்றும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இயக்குநர் பீட்டர் ஜாக்சனுக்கு என் கைதட்டல் எப்போதும் உண்டு.

நான் முதலில் பார்த்ததும் படத்தைத்தான். புத்தகம் பின்னால்தான் கைக்கு வந்தது. மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தபின் அல்லிக்குளம் பக்கம் போன பழைய புத்தகக் கடைகளில், அட்டை போன ஒரு தடித்த பிரதி. பக்கத்தில் அகராதி, எட்டு மாதம் ஆயிற்று. கதைதான் தெரியுமே என்ற அலட்சியத்தோடு கடைசிப் பக்கங்களுக்கு வந்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

படத்தில் என்ன நடக்கிறது? உலகையே அடிமையாக்கக்கூடிய தீய மோதிரம் எரிமலையில் விழுந்து அழிகிறது. கதையின் நாயகர்களான நான்கு ஹாபிட்களும், அதாவது குட்டை மனித இனத்தவர்களும், தங்கள் ஊரான ஷயருக்குத் திரும்புகிறார்கள். விட்டுப்போன பச்சை அப்படியே இருக்கிறது. மதுக்கடையில் உட்கார்ந்து கோப்பையைத் தூக்குகிறார்கள். சுபம்.

1955-இல் வெளிவந்த மூன்றாம் தொகுதியில் டோல்கியன் எழுதியது வேறு. அவர்கள் திரும்பி வரும்போது ஊர் வெளியாட்கள் கையில் இருக்கிறது. ஊர்ப் பாலத்தில் கதவு போட்டு அடைத்திருக்கிறார்கள். சுவரெல்லாம் விதிமுறைகள். மதுக்கடைகள் மூடிக்கிடக்கின்றன. விளைச்சலைப் ‘பங்கிடுகிறோம்’ என்று அள்ளிப்போகிறார்கள். பங்கு மட்டும் யாருக்கும் வந்து சேரவில்லை. மரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். ஆற்றங்கரையில் இருந்த பழைய மாவு ஆலையை இடித்துவிட்டுப் பெரிதாக ஒன்றைக் கட்டி, உயர்ந்த புகைபோக்கி வைத்து, புகையையும் நாற்றத்தையும் விடுகிறார்கள். கழிவு ஆற்றில் இறங்கி, அடுத்த ஆறு வரைக்கும் போகிறது.

நடுவர் அவர்களே, நான் எண்ணூரில் பிறந்தவள். அப்பாவுக்குக் கடலும் உண்டு, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரமும் உண்டு. ஆற்றில் நிலக்கரிச் சாம்பல் படிந்து படிந்து ஆழம் போய்விட்டது. வலையை இழுத்தால் இறாலுக்கு முன்னால் சாம்பல் சேறு வரும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவியபோது, படகைத் துடைத்துத் துடைத்து அப்பாவின் கை ஒரு வாரம் கருப்பாகவே இருந்தது. அந்த அத்தியாயத்தை வாசித்த இரவு எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

அதிலே ஒரு பையன் வருகிறான், டெட் சாண்டிமேன். ஆலைக்காரரின் மகன். அப்பா முதலாளியாக நின்ற இடத்திலேயே, வெளியிலிருந்து வந்தவர்களுக்காகச் சக்கரம் துடைக்கிறான். துடைத்துக்கொண்டே பெருமையும் பேசுகிறான்! இந்தப் பையனை எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் சொந்தப் படகு வைத்திருந்தவரின் மகன், ஆற்றைக் கெடுத்த இடத்திலேயே ஒப்பந்தக் கூலியாகப் போகிறான். அவனைத் திட்டவும் முடியாது, பாராட்டவும் முடியாது. டோல்கியன் அந்தச் சங்கடத்தை இரண்டு வரியில் வைத்திருக்கிறார். படத்தில் அவன் செய்த குற்றமும் இல்லை, அவன் பட்ட இழிவும் இல்லை.

‘நேரம் போதாது அம்மா, அதனால் வெட்டினார்கள்’ என்பார் எதிரணி அண்ணன். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடும் நீட்டித்த பதிப்பிலும் அது இல்லையே! அதே டோல்கியன் 1937-இல் வெளியிட்ட ‘தி ஹாபிட்’ ஒரே புத்தகம், இதைவிட எவ்வளவோ சிறியது. அதை 2012, 2013, 2014 என்று மூன்று படமாக இழுத்தார்கள். சண்டைக்கு நேரம் இருந்தது, சாம்பலுக்கு இல்லை. ‘மாயக் கண்ணாடியில் ஷயர் எரிவதைக் காட்டினார்களே’ என்றும் சொல்லலாம். காட்டினார்கள், வரக்கூடிய கெட்ட கனவாகக் காட்டினார்கள். நாவலில் அது கனவு இல்லை, வீட்டு வாசல்.

இந்தப் பகுதியை அவர் இட்டுக்கட்டவும் இல்லை. பர்மிங்காம் அருகே தாம் சிறுவனாக வாழ்ந்த கிராமப்புறம், தமக்குப் பத்து வயது ஆவதற்குள் அழிந்துகொண்டிருந்தது என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவரே எழுதுகிறார். குளக்கரையில் இருந்த ஒரு பழைய ஆலையையும் நினைத்துக்கொள்கிறார். அந்தப் பக்கத்துக்கு வந்தபோது, அந்த இங்கிலாந்துப் பேராசிரியரை எங்கள் ஊர்க்காரராக்கிக் கொண்டேன்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். ஒரே நிமிடம், ஐயா. அந்த நான்கு ஹாபிட்களில் ஒருவனான சாமுக்கு, எல்ஃப் என்ற மாய இனத்தின் அரசி ஒரு சிறு பெட்டி தருகிறாள். உள்ளே அவள் தோட்டத்து மண்ணும் ஒரே ஒரு விதையும். படத்தில் அவனுக்குக் கயிறுதான் கிடைக்கிறது. நாவலில் அவன் ஊர் முழுக்க நடந்து, மரம் வெட்டப்பட்ட இடங்களில் எல்லாம் கன்று நட்டு, ஒவ்வொரு வேரடியிலும் ஒரு மணி மண் வைக்கிறான். எரிமலைவரை போய் வந்தவன், நடவு வேலை பார்க்கிறான்!

அந்தப் பிரதி இதோ பையில் இருக்கிறது. எதிரணி அண்ணன் கேட்டால் இன்றைக்கே தருகிறேன். மூன்றாம் தொகுதியில் ஆறாம் பாகம், எட்டாம் அத்தியாயம். முனை மடித்து வைத்திருக்கிறேன். பொங்கலுக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும், அப்பாவுக்கு இன்னும் கதையை முழுக்கச் சொல்லி முடிக்கவில்லை.