பால்வீதியின் கரிய மேகங்கள்

வணக்கம். ஊர் விளக்குகள் எட்டாத இடத்தில் அமாவாசை இரவில் அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பால்வீதியின் வெண்மைக்கு நடுவே திட்டுத் திட்டாகக் கருப்பு இருக்கும். அங்கே விண்மீன்களே இல்லை என்றுதான் தோன்றும். பெரிய வானியலாளரான வில்லியம் ஹெர்ஷலே அப்படி ஓரிடத்தைப் பார்த்து, வானத்தில் ஓட்டை என்றார்.

இந்தக் கதையில் என் மனதுக்கு நெருக்கமானவர் வானியலாளர் எட்வர்ட் எமர்சன் பர்னார்ட். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1857இல் பிறந்தவர். தந்தையற்ற ஏழைச் சிறுவன். ஒன்பது வயதில் போட்டோ ஸ்டூடியோ ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். என்ன வேலை தெரியுமா? மாடியில் இருந்த பெரிய கருவியைச் சூரியன் நகர நகரத் திருப்பிக்கொண்டே இருப்பது. படங்களைப் பெரிதாக்க அந்தக் காலத்தில் வெயில்தான் விளக்கு. பிற்காலத்தில் இரவெல்லாம் தொலைநோக்கியை ஒரே விண்மீன்மேல் நிறுத்திப் படமெடுத்தாரே, அந்தப் பொறுமை மாடியில் கற்றதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவர் வானைப் படமெடுத்த கண்ணாடித் தகடுகளில் கரிய வடிவங்கள் பதிந்தன. வெற்றிடமா, ஏதேனும் மறைக்கிறதா? பல ஆண்டுகள் தயங்கினார். 1913இல் ஒரு கோடை இரவு, தனுசு ராசிப் பக்கம் பால்வீதியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். குட்டி மேகங்கள் சில குறுக்கே வந்தன. விண்வெளி மேகங்கள் அல்ல, நம் பூமியின் மேகங்கள்தான். ஒளிரும் பால்வீதிக்கு முன்னால் அவை மைத்துளிகளாகக் கன்னங்கரேலென்று தெரிந்தன. தகட்டில் பார்த்த வடிவங்களும் அச்சு அசல் அப்படித்தானே! அப்படியானால் அவை வெற்றிடம் அல்ல, பின்னாலுள்ள ஒளியை ஏதோ மறைக்கிறது. 1919இல், 182 கரிய வடிவங்களின் பட்டியலை வெளியிட்டார்.

மறுபடியும் சொல்கிறேன், அந்தக் கருமை வெற்றிடம் இல்லை. ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் புகைத்துகள் போன்ற நுண்தூசும் அங்கே இருக்கின்றன. எடையில் தூசு நூறில் ஒரு பங்குதான். ஆனால் பின்னாலுள்ள ஒளியை மறைப்பது அதுவே. உள்ளே மைனஸ் 263 டிகிரி அளவுக்குக் குளிர். அந்தக் குளிரில்தான் வாயு தன் ஈர்ப்பாலேயே சுருங்கிப் புது விண்மீன் பிறக்கிறது.

பங்குனி அமாவாசையை ஒட்டி, விடியற்காலை நாலரை மணிக்குக் கிழக்கே பாருங்கள். திருவோணத்தின் மூன்று விண்மீன்கள் வரிசையாக நிற்கும். இடப்பக்க விண்மீனுக்குச் சற்று மேலே சாதாரண பைனாகுலரைத் திருப்பினால், ஆங்கில ‘ஈ’ எழுத்தின் வடிவில் ஒரு கருமை. அது பர்னார்டின் பட்டியலில் உள்ள மேகம். கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரமாவது கொடுங்கள். செல்போனைத் தொடாதீர்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். படமெடுப்பதைப் பற்றி விரிவாகப் பேச வந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வானின் நகர்வைத் தொடரும் தாங்கியில் கேமராவை வைத்து, சில நிமிடப் படங்களாகப் பல மணி நேரம் எடுத்து, கணினியில் ஒன்றுசேர்த்துவிடுங்கள். பின்னணியை மட்டும் கருப்பாக்காதீர்கள்! அழகுக்காகப் பலரும் செய்கிறார்கள்; அருகிலுள்ள விண்மீன்களின் ஒளிபட்டு மங்கிய பழுப்பில் தெரியும் தூசு அதோடு அழிந்துவிடும். சாம்பல் நிறத்திலேயே விடுங்கள். தை மாதமானால் கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் பக்கத்தில் தொடங்கலாம். வணக்கம்.