குளிர்பான விளம்பரம் யாரிடம் பேசுகிறது?

நேயர்களுக்கு வணக்கம். வெயில் ஏறத் தொடங்கியதும் தொலைக்காட்சியிலும் கடைப் பலகைகளிலும் குளிர்பான விளம்பரங்கள் பெருகிவிடுவதை ஒவ்வொரு கோடையிலும் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் ஏதேனும் ஒன்றை மனத்தில் நிறுத்தி, புட்டிக்குள் இருக்கும் பானத்தைப் பற்றி அது என்ன சொன்னது என்று எண்ணிப் பாருங்கள். நண்பர்கள் கூடியது, நாயகன் உயரத்திலிருந்து குதித்தது, கிரிக்கெட்டில் நம் அணி வென்றது எல்லாம் நினைவுக்கு வரும். பானம் எதனால் ஆனது என்பது மட்டும் வராது. கரியமில வாயு ஏற்றிய நீர், சர்க்கரை, சிறிது அமிலம், நிறம், மணம் ஆகியவற்றைத் தவிர அதில் அதிகமாக எதுவும் இல்லை. நூறு மில்லிலிட்டருக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை என்ற கணக்கு, புட்டியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் இருக்கும். ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பானங்களில் ஒன்றை விற்க வேண்டுமானால் பானத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. குடிப்பவரைப் பற்றித்தான் பேசியாக வேண்டும். ஆகவே குளிர்பான விளம்பரம் எதைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, இது யாரிடம் பேசுகிறது என்பதுதான்.

இந்தக் கேள்வியின் முழு ஆழமும் எனக்குப் புலப்பட்டது, அமெரிக்காவில் எட்வர்டு பாய்டு என்பவர் செய்த வேலையைப் பற்றி அறிந்தபோது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். 1930களின் கடும் பொருளாதார மந்தக் காலத்தில், கோக்க-கோலா ஆறரை அவுன்சுப் புட்டியை ஐந்து சென்டுக்கு விற்றுக்கொண்டிருந்தது. பெப்சி அதே ஐந்து சென்டுக்குப் பன்னிரண்டு அவுன்சு கொடுத்தது. அதே காசுக்கு இரட்டிப்பு என்ற செய்தியை ஒரு சிறு பாட்டாக்கி, நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கும் இதே வானொலியின் வழியாக நாடெங்கும் ஒலிக்கச் செய்தார்கள். விற்பனை பெருகியது. கூடவே, இது கையில் காசில்லாதவர்களின் பானம் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

1947இல் பெப்சியின் தலைவர் வால்டர் மேக், கறுப்பின மக்களிடையே விற்பனையைப் பெருக்குவதற்காக, அந்த இனத்தவரான எட்வர்டு பாய்டை வேலைக்கு அமர்த்தினார். அந்தக் காலத்து அமெரிக்க விளம்பரங்களில் கறுப்பினத்தவர் வந்தால் பெரும்பாலும் சமையற்காரராகவோ, பணியாளராகவோ, கேலிச் சித்திரமாகவோதான் வருவார்கள். பாய்டு அதை அடியோடு மாற்றினார். அவருடைய விளம்பரம் ஒன்றில், நல்ல வசதியுள்ள வீட்டில், நேர்த்தியாக உடுத்திய தாய் ஆறு புட்டிகள் கொண்ட அட்டைப்பெட்டியை வைத்திருக்கிறார். அவருடைய சிறுவன் அதை எட்டிப் பிடிக்கக் கை நீட்டுகிறான். விளம்பரம் அவ்வளவுதான். ஆனால் அப்படி ஒரு குடும்பமாகத் தங்களை எந்த நிறுவனமும் அச்சிட்டுப் பார்த்திராத மக்களுக்கு, அந்தப் படம் எவ்வளவு பெரிய செய்தி என்பதை எண்ணிப் பாருங்கள். படத்தில் இருந்த சிறுவன் ரான் பிரவுன், பின்னாளில் அதிபர் கிளின்டனின் அமைச்சரவையில் வர்த்தகத் துறைச் செயலராக ஆனார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஐக்கிய நாடுகள் சபையில் பணியாற்றிய ரால்ஃப் பஞ்ச் போன்ற கறுப்பினச் சாதனையாளர்களை அறிமுகம் செய்யும் விளம்பர வரிசை ஒன்றையும் பாய்டு கொண்டுவந்தார். அவருடைய குழுவினர் தென் மாநிலங்களுக்குப் பயணம் செய்தபோது, நிறப்பாகுபாட்டுச் சட்டங்களின்படி ரயிலில் தனிப் பெட்டியில்தான் அமர வேண்டியிருந்தது. பல விடுதிகளில் அறை கிடைக்காததால் அறிந்தவர் வீடுகளில் தங்கினார்கள். கல்லூரிகளிலும் தேவாலயங்களிலும் பேசினார்கள். சென்ற இடங்களில் விற்பனையும் ஏறியது. பிறகு, 1949இல், புட்டியில் அடைத்து விற்கும் முகவர்கள் கூடிய மாநாட்டில் அதே வால்டர் மேக் பேசும்போது, பெப்சி கறுப்பினத்தவரின் பானம் என்று பெயரெடுத்துவிடக் கூடாது என்ற கருத்தை, அந்த மக்களை இழிவுபடுத்தும் சொல்லைப் பயன்படுத்தியே கூறினார். பாய்டு எழுந்து அரங்கை விட்டு வெளியேறினார். சில ஆண்டுகளுக்குள் குழுவும் கலைக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. பாய்டு தம் மக்களுக்கு அளித்த மரியாதை உண்மையானது. பார்த்தவர்கள் அடைந்த பெருமிதமும் உண்மையானது. அந்த மரியாதைக்குப் பணம் செலவழித்த நிர்வாகத்துக்கோ அது ஒரு விற்பனை வழி மட்டுமே. விளம்பரம் எழுப்பும் உணர்ச்சி பொய்யாக இருக்க வேண்டிய தேவையில்லை என்பதை இதிலிருந்துதான் நான் புரிந்துகொண்டேன். அது எவ்வளவுக்கு மெய்யாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நன்றாக விற்கும். அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்: இது யாரிடம் பேசுகிறது?

1963இல் பெப்சி, 'பெப்சி தலைமுறை' என்ற பெயரில் இளைஞரை நோக்கித் திரும்பியது. உலகப் போருக்குப் பின் பிறந்த பெருங்கூட்டம் அப்போது பருவ வயதை எட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த விளம்பரம் வயதைக் கேட்கவில்லை. தம்மை இளைஞராக எண்ணிக்கொள்ளும் எவரும், நாற்பது வயதானவர்கூட, அந்தத் தலைமுறையில் சேர்ந்துகொள்ளலாம் என்றது. கோக்க-கோலாவோ நெடுங்காலமாக வீடு, பண்டிகை, பழைய நினைவு என்ற பக்கத்தில் நின்றது. அந்த நினைவின் பலத்தை அந்த நிறுவனமே சரியாக அறிந்திருக்கவில்லை என்பது 1985இல் வெளிப்பட்டது. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரைச் சுவைக்கச் செய்து, அவர்களுள் பெரும்பாலோர் விரும்பிய புதிய கலவையை அவ்வாண்டு ஏப்ரல் 23 அன்று வெளியிட்டார்கள். மக்கள் சினந்தெழுந்தார்கள், 79 நாட்களில் பழைய பானம் திரும்பிவருவதாக அறிவிக்க நேர்ந்தது. நாக்கு ஒப்புக்கொண்டதை மனம் ஏற்கவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1977இல் வெளியேறி 1993இல் திரும்பிவந்த கோக்க-கோலா, 2003 வாக்கில் 200 மில்லிலிட்டர் புட்டியை ஐந்து ரூபாய்க்குக் கொண்டுவந்து சிற்றூர்களை எட்ட முயன்றது. அந்தக் காலத்தில் நடிகர் அமீர்கான் ஒரு விளம்பரத்தில் பஞ்சாபி விவசாயியாகத் தோன்றி, தாகத்தோடு வந்த நகரத்துப் பெண்களுக்காகக் கிணற்றில் வாளியை விட்டு இறைப்பார். வாளியில் புட்டிகள் வரும். வேறொன்றில் ஐதராபாத்துக் கடைக்காரராக வருவார். ஒரே நடிகர், ஒரே பானம். பேச்சும் உடையும் மட்டும் ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனித்தனியாகத் தைக்கப்பட்டிருந்தன. குளிர்சாதனப் பெட்டி இல்லாத ஊரில் குளிர்ச்சி என்றால் கிணறு என்பதைத் தெரிந்துகொண்டு செய்த வேலை அது.

தமிழ்நாட்டில் 2017 ஜனவரியில் நடந்த சல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி, வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் அயல்நாட்டுக் கோலாக்களை விற்பதில்லை என்று அறிவித்தபோது, விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க்கின் பொவண்டோவைப் பலர் தேடி வாங்கினார்கள். நம் ஊர்ப் பானம் என்ற பெருமிதம் எனக்கும் உவப்பானதே. அந்தப் புட்டியிலும் சர்க்கரை இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நேரம் முடியப்போவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். குழந்தைகளை நோக்கிய விளம்பரங்களைப் பற்றி இன்னும் நிறையச் சொல்ல எண்ணியிருந்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுப் பொருட்களைப் பள்ளி வளாகத்திலும் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்று, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020இல் விதி வகுத்தது. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் வாயிலில் நின்று, அந்த 50 மீட்டருக்குள் எந்தக் கடையின் பெயர்ப்பலகையில் எந்தக் குளிர்பானத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இருந்தால், தலைமையாசிரியரிடமும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். நன்றி, வணக்கம்.