தட்டில் வடையை வைத்துவிட்டுப் போகிற கடை

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலைக் களைப்போடும் வந்து உட்கார்ந்திருக்கிற திருகோணமலை மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பெருநகரத்தில் நிறைவான சாப்பாடு தருவது மக்கள் விரும்பிப் போகிற தனிக் கடைகளா, கிளை பரப்பிய நிறுவனங்களா என்பது கேள்வி. நான் தனிக் கடைகளின் பக்கம் நிற்கிறேன். நமக்குப் பெருநகரம் என்றால் கொழும்புதான். படிக்க, வேலைக்கு, கடவுச்சீட்டுக்கு, பெரியாஸ்பத்திரிக்கு என்று இந்த மண்டபத்தில் இருக்கிற எல்லோரும் இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ அங்கே போய் இறங்கியவர்கள். அதனால் கொழும்பை வைத்தே பேசுகிறேன்.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். "எந்தக் கிளைக்குப் போனாலும் ஒரே ருசி, ஒரே விலை. தெரியாத ஊரில் அந்த நம்பிக்கை போதாதா?" என்று கேட்டார். சரி ஐயா, நம்பிக்கையைப் பற்றியே பேசுவோம்.

வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடைக்குள் நுழைகிறீர்கள். உட்கார்ந்ததும் தம்பி ஒருவர் வந்து ஒரு தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். அதில் உளுந்து வடை, பருப்பு வடை, மரக்கறி ரோல்ஸ் எல்லாம் இருக்கும். நீங்கள் யார், எந்த ஊர், கையில் காசு இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. விரும்பியதை எடுத்துச் சாப்பிட்டு, பிளேன்ரீயும் குடித்து முடிந்த பிறகுதான் கணக்கு. எத்தனை வடை சாப்பிட்டீர்கள் என்று உங்களிடமே கேட்பார். நீங்கள் சொல்கிற எண்ணிக்கைக்குத்தான் காசு. பெரும்பாலான கிளைக் கடைகளில் என்ன நடக்கிறது? வரிசையில் நிற்க வேண்டும், முதலில் காசு கட்ட வேண்டும், துண்டு வாங்க வேண்டும், அப்புறம்தான் சாப்பாடு. எதிரணித் தலைவர் சொன்ன நம்பிக்கை, நாம் கடையின் மேல் வைக்கிற நம்பிக்கை. நான் சொல்வது கடை நம்மேல் வைக்கிற நம்பிக்கை. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சம் பேர். அவ்வளவு பெரிய கூட்டத்துக்குள் போய் இறங்குகிற ஒரு திருகோணமலைப் பிள்ளையை, ஊர் பெயர் கூடக் கேட்காமல் ஒருவர் நம்புகிறார் என்றால், அந்தப் பிள்ளைக்கு அன்று அதைவிடப் பெரிய வரவேற்பு வேறெங்கும் கிடைக்காது.

அடுத்து, எல்லாக் கிளையிலும் ஒரே ருசி என்றார்களே, அதற்கு வருகிறேன்.

நம் ஊரிலிருந்து மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிற குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். என் பெரியம்மாவோடு நானும் அங்கே நின்றிருக்கிறேன். மருந்து ஏற்றியதால் அவருக்கு வாயெல்லாம் புண். உறைப்பு துளியும் பட முடியாது. பக்கத்தில் இருந்த ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் போய் நின்றேன். எனக்குச் சிங்களம் அரைகுறை, கடைக்கார அம்மாவுக்குத் தமிழ் அரைகுறை. நோயாளிக்கு என்று எப்படியோ புரிய வைத்தேன். அவர் உள்ளே போய், சோற்றைக் குழைய மசித்து, பருப்பில் மிளகாய் சேர்க்கும் முன்பே எடுத்து வைத்திருந்ததை ஊற்றி, பார்சல் கட்டிக் கொடுத்தார். அன்று புதிதாகச் செய்தது அல்ல அது. தினமும் இப்படிக் கேட்டு வருகிறவர்கள் இருப்பதால், மிளகாய் போடுவதற்கு முன் ஒரு சட்டி தனியாக எடுத்து வைப்பது அந்த அடுப்படியின் வழக்கமாகவே ஆகியிருந்தது.

கிளைக் கடையில் இதைக் கேட்டுப் பாருங்கள். அங்கே நிற்கிற பிள்ளை கெட்டவரில்லை. ஆனால் அவரால் முடியாது. கோழி ஏற்கெனவே மசாலா தடவி வந்திருக்கிறது. எத்தனை நிமிடம் பொரிக்க வேண்டும், எத்தனை கிராம் வைக்க வேண்டும் என்பதெல்லாம் வேறெங்கோ எழுதப்பட்ட ஒரு கைநூலில் இருக்கிறது. அவர் பதில் சொல்ல வேண்டியது அந்தக் கைநூலுக்கு. சின்னக் கடைக்காரர் பதில் சொல்ல வேண்டியது எதிரே நிற்கிற நமக்கு. இன்றைய தலைப்பில் நான் சொல்ல வந்தது முழுக்க இதுதான், நடுவர் அவர்களே.

இதற்கு ஒரு சாட்சியைக் கூப்பிடுகிறேன், எதிரணியின் பக்கத்திலிருந்தே. கேஎஃப்சி பெட்டியில் வெள்ளைத் தாடியோடு சிரிக்கிற பெரியவர் ஹார்லண்ட் சாண்டர்ஸ். அவர் 1930இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கோர்பின் என்ற ஊரில், வீதியோரப் பெற்றோல் நிலையம் ஒன்றில் பயணிகளுக்குத் தன் கையால் சமைத்துப் போட்டவர். அசல் தனிக் கடைக்காரர், எங்கள் அணி ஆள். பிறகு முறையைப் பல கடைகளுக்குக் கொடுத்தார், 1964இல் நிறுவனத்தை 20 இலட்சம் டொலருக்கு விற்றார். அதற்குப் பின்னும் அவர் முகம்தான் பெட்டியில் இருந்தது. ஆனால் எழுபதுகளில் அவரே வெளிப்படையாக என்ன சொன்னார் தெரியுமா? என் கிரேவியைக் கெடுத்துவிட்டார்கள், அது சுவரில் காகிதம் ஒட்டுகிற பசை மாதிரி இருக்கிறது என்று பொருள்படப் பேசினார். அவர் மேல் வழக்கே போட்டார்கள். தான் கண்டுபிடித்த சாப்பாட்டின் ருசியைத் தானே திருத்த முடியாத நிலை அந்தப் பெரியவருக்கு வந்தது. நிறுவனத்தின் முகத்துக்கே அந்த நிலை என்றால், வரிசையில் நிற்கிற நமக்கு அங்கே என்ன குரல் இருக்கப் போகிறது?

சின்னக் கடைகளில் சுத்தம் இல்லை என்றார்கள். இது பெரிய குற்றச்சாட்டு, தட்டிக் கழிக்க மாட்டேன். அழுக்கான சின்னக் கடைகள் உண்டு. அவற்றுக்காக நான் வாதாட வரவில்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் பெரியவருக்கும் சின்னவருக்கும் ஒன்றுதான், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இரண்டு வாசலாலும் உள்ளே போகலாம். தலைப்பே மக்கள் விரும்பிப் போகிற கடைகளைப் பற்றியது. அப்படிப்பட்ட கடையில் மத்தியானம் இரண்டு மணிக்குப் போனால் "சோறு முடிஞ்சுது அக்கா" என்பார்கள். எனக்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம். காலையில் சமைத்தது மத்தியானத்தோடு முடிந்துவிட்டது, நாளைக்கு என்று எதுவும் இல்லை. கொத்துக் கடையில் ரொட்டி கொத்துகிற இரும்புத் தட்டு வாசலிலேயே இருக்கிறது. ரொட்டி, முட்டை, லீக்ஸ், கறி எல்லாம் நம் கண்ணுக்கு முன்னால்தான் விழுகிறது.

ஒன்றை மட்டும் எதிரணிக்கு ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் நானும் கொழும்பில் தனியாகப் போர்டிங்கில் இருந்த பெண். இரவு ஒன்பது மணிக்குத் தனியாக ஒரு பெண் தயக்கமில்லாமல் உட்காரலாம், சுத்தமான கழிப்பறை இருக்கும் என்ற விஷயத்தில் கிளைக் கடைகள் முன்னே நிற்கின்றன. அதேபோல் ஊழியருக்குச் சம்பளத்தின் மேல் 12 வீதம் சேமலாப நிதி கட்டுவதிலும் பல சின்ன முதலாளிமார் பின்நிற்கிறார்கள். அது சட்டம், கட்டத்தான் வேண்டும். இவற்றைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். முதலாளி கல்லாவிலேயே இருக்கிறார், முகத்துக்கு நேரே கேட்கலாம். கிளைக் கடையில் குறை சொல்ல ஒரு தொலைபேசி இலக்கம் தருவார்கள்.

இனி நம் கடலுக்கு வருவோம். இங்கே கரைக்கு வருகிற மீன் பேலியகொடை மொத்தச் சந்தைக்குப் போகிறது. அங்கிருந்து விடியற்காலையில் கொழும்பின் சாப்பாட்டுக் கடைக்காரர் வாங்கிப் போகிறார். மத்தியானம் யாரோ ஒரு கந்தோர்க்காரரின் பார்சலில் நம் பாரையும் சூரையும் குழம்பாக இருக்கின்றன. மாரியில் நம் பக்கக் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையில் கிடந்தால், அந்தக் கடையிலும் மீன் மாறும், இல்லையென்றால் கருவாடு வரும், அதுவும் இல்லையென்றால் முட்டைக் குழம்பு. காற்று மாறுவது அந்தச் சட்டியில் தெரியும். கிளைக் கடையின் படப் பலகை வருடம் முழுக்க அப்படியே இருக்கிறது. உறைய வைத்து வருகிற உருளைக்கிழங்குக்கு மாரியும் கோடையும் கிடையாது. நம் மீனவர்களின் பிழைப்போடு அந்தப் பலகைக்குப் பெரிய தொடர்பும் இல்லை.

இன்னொன்று. கிளைக் கடை நிலையானது, பெரிய நிறுவனம் கைவிடாது என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். 1998இல் இலங்கைக்கு வந்த மக்டொனால்ட்ஸ் என்ன ஆனது? தாய் நிறுவனம் தரக் குறைபாடு என்று சொல்லி உள்ளூர் உரிமையாளரோடு செய்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. 2024 மார்ச்சில் இங்கிருந்த 12 கடைகளும் மூடப்பட்டன. சாப்பிட வந்தவர்களோ அங்கே வேலை செய்த பிள்ளைகளோ அந்த முடிவில் எங்கும் இல்லை. 2022ஐயும் நினைத்துப் பாருங்கள். அந்தச் செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அந்த வருடம் சமையல் எரிவாயுவுக்கும் தட்டுப்பாடு. பல சின்னக் கடைகள் மூடப்பட்டன, அதை மறைக்கவில்லை. ஆனால் எத்தனை கடைகள் பின்பக்கத்தில் விறகு அடுப்பை மூட்டின! இறைச்சியைக் குறைத்து, சோறும் பருப்பும் சம்பலுமாக ஏதோ ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். மாதக் கணக்கில் சாப்பிட்ட பிள்ளைகளுக்குக் கொப்பியில் எழுதிக்கொண்டு சாப்பாடு போட்ட முதலாளிமாரும் இருந்தார்கள். கைநூலில் விறகு அடுப்புக்குப் பக்கம் இல்லை, கடனுக்கும் இல்லை.

கொழும்பை நீங்கள் எதனால் அடையாளம் காண்கிறீர்கள்? வெள்ளவத்தை என்றால் புட்டும் இடியப்பமும் சொதியும். பம்பலப்பிட்டி என்றால் தோசை. கொள்ளுப்பிட்டி என்றால் நடுச்சாமத்தில் பிலாவூஸ் கடைக் கொத்து. கொம்பனித்தெரு என்றால் மலாய்க்காரரின் பொரித்த சோறான நாசி கோரெங். ஒவ்வொரு சந்தியிலும் யார் வந்து குடியேறினார்கள், என்ன கொண்டுவந்தார்கள் என்பதைக் கடைகள்தான் சொல்கின்றன. இவையெல்லாம் போய் ஒரே பெயர்ப்பலகை எல்லாச் சந்தியிலும் வந்துவிட்டால், காலி வீதியில் எங்கே இறங்குகிறோம் என்று நாக்குக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். பொரித்த கோழியோடு வந்த கிளைக் கடைகள் இன்று இங்கே சோறும் புரியாணியும் விற்கின்றன. ஏன்? நம் ஆட்கள் மத்தியானத்தில் சோறு தேடுகிறார்கள் என்பதைச் சின்னக் கடைகளின் கூட்டம் அவர்களுக்குக் காட்டியது. கொத்து எந்த நிறுவனத்தின் பரிசோதனைக் கூடத்திலும் பிறக்கவில்லை. அதன் பிறந்த வீடு நம் கிழக்கு மாகாணம் என்று பலரும் சொல்கிறார்கள். மிஞ்சிய ரொட்டியையும் கறியையும் சேர்த்துக் கொத்திப் பார்க்கத் துணிந்த கை ஒரு சின்னக் கடைக்காரரின் கைதான். அவருக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அடுத்துப் பேச வருகிற எதிரணித் தங்கை இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அந்தக் கடைகள் எல்லாம் மூடிவிட்டால், உங்கள் நிறுவனங்கள் அடுத்த கொத்தை யாரிடம் பார்த்துப் படிக்கும்?

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.