முத்திரை அனுப்பு, காசு வந்ததா? ஒரு உள்நாட்டுப் போரின் கடிதங்கள்

[திரையில்: பிரெட்ரிக் கோட்டை வாசல், நிழலில் மான்கள், கோயிலுக்குப் போகும் ஏற்றம்]

வணக்கம். முகாம் என்றால் என்ன என்று திருகோணமலைக்காரருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கோணேசருக்குக் கற்பூரம் கொளுத்தப் போனாலும் கோட்டைக்குள் இருக்கிற ஆமி முகாமைக் கடந்துதான் மேலே ஏற வேண்டும். ஆனால் முகாமுக்குள் இருப்பவர் வீட்டுக்கு என்ன எழுதுவார்? நம்முடைய போரின் கடிதங்கள், எந்தப் பக்கத்துடையதாக இருந்தாலும், பெரும்பாலும் இன்னும் டிரங்குப் பெட்டிகளுக்குள்தான் கிடக்கின்றன. அதனால் இன்றைக்கு 160 வருடம் பின்னால் போய், பெட்டிகள் எல்லாம் திறந்துவிட்ட ஒரு போரைப் பார்ப்போம். அமெரிக்க உள்நாட்டுப் போர், 1861 முதல் 1865 வரை.

வடக்கு, தெற்கு என்று நான் சொல்லும்போதெல்லாம் உங்கள் மனதில் நம்முடைய வரைபடம் வரும். அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அங்கே வடக்கு என்றால் மத்திய அரசின் பக்கம். தெற்கு என்றால் அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன மாநிலங்கள்.

[திரையில்: பழைய புகைப்படம், வரிசையாகக் கூடாரங்கள்]

அந்தப் போரில் இவ்வளவு கடிதங்கள் ஏன்? படைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் தோட்டம் துரவு வைத்திருந்த வீடுகளின் பிள்ளைகள். எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள். பலருக்கு ஊரை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை. முக்கியமான இன்னொரு விஷயம், சாதாரண சிப்பாயின் கடிதத்தைப் பொதுவாக யாரும் தணிக்கை செய்யவில்லை. அதிகாரியைத் திட்டலாம், சாப்பாட்டைத் திட்டலாம், படை எங்கே நிற்கிறது என்றுகூட எழுதலாம்.

சரி, என்ன எழுதினார்கள்? வீரம், தியாகம், நாடு என்று எதிர்பார்த்து வாசிக்கப் போனால் கொஞ்சம் ஏமாற்றம்தான். அவையும் இருக்கின்றன. ஆனால் கட்டுக்கட்டாக வாசித்துக்கொண்டே போனால் திரும்பத் திரும்ப வருவது வேறு. முத்திரை அனுப்பு. சப்பாத்து கிழிந்துவிட்டது. அனுப்பிய காசு வந்து சேர்ந்ததா? குதிரையை விற்றுவிடாதே. சோளம் எப்படி விளைந்தது? தம்பியைப் படையில் சேர விடாதே. என் கணிப்பில், அந்தச் சிப்பாய் எழுதியது போர்க் கடிதமே அல்ல. தூரத்தில் இருந்துகொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறார்.

[திரையில்: மரக்குற்றிக் குடிசை, களிமண் புகைபோக்கி, அதன் மேல் பழைய பீப்பாய்]

முகாம் வாழ்க்கையைப் பார்த்தால் இது ஏன் என்று விளங்கும். சண்டை நடந்த நாட்கள் கொஞ்சம். மீதி நாளெல்லாம் பயிற்சி, காவல், விறகு, தண்ணீர், மறுபடி பயிற்சி. குளிர்காலம் வந்தால் பாதை சேறாகிவிடும், படை நகராது. அப்போது நாலைந்து பேர் சேர்ந்து மரக்குற்றிகளை அடுக்கி ஒரு சின்னக் குடிசை கட்டுவார்கள். கூரைக்குக் கூடாரத் துணி. புகைபோக்கியைக் குச்சியும் களிமண்ணும் கொண்டு கட்டி, உச்சியில் அடி இல்லாத ஒரு பழைய பீப்பாயைக் கவிழ்ப்பார்கள். அந்தப் பீப்பாய் அடிக்கடி தீப்பிடிக்கும். பக்கத்துக் குடிசைக்காரருக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

சாப்பாடு என்றால் முதலில் அந்த பிஸ்கட்டைச் சொல்ல வேண்டும். மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுட்டது, உள்ளங்கை அளவு. பல்லால் கடிக்க முடியாத அளவுக்குக் கடினம். துவக்கின் அடிப்பக்கத்தால் உடைத்து, சுடச்சுடக் கோப்பியில் ஊறப் போடுவார்கள். உள்ளே இருந்த வண்டும் புழுவும் மேலே மிதந்து வரும். அவற்றைக் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டுக் குடிக்க வேண்டியதுதான். இந்தப் பிஸ்கட்டைப் பற்றி எழுதாத வடக்குச் சிப்பாய் அபூர்வம்.

கோப்பி விஷயத்தில் வடக்கு பணக்காரன். தெற்கின் துறைமுகங்களை வடக்கின் கடற்படை மறித்ததால் அங்கே கோப்பி இல்லை. சிக்கரி, வறுத்த நிலக்கடலை, ஓக் மரத்துக் கொட்டை, வற்றாளங்கிழங்கு என்று எதையெல்லாமோ வறுத்து இடித்துக் குடித்தார்கள். ஆனால் தெற்கிடம் புகையிலை தாராளமாக இருந்தது. 1862 முடிவில் தொடங்கிய குளிர்காலத்தில், வர்ஜீனியாவின் ராப்பஹானொக் ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு படை, அந்தக் கரையில் மற்றப் படை. காவலுக்கு நின்றவர்கள் பலகைத் துண்டில் சின்னப் படகு செய்து, துணிப் பாய் கட்டி, கோப்பியை ஏற்றித் தள்ளிவிடுவார்கள். திரும்பி வரும்போது அதில் புகையிலை இருக்கும். சில நேரம் பத்திரிகையும் வரும். அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை, தடுத்தும் பார்த்தார்கள், நிற்கவில்லை. (அந்தக் காலத்தில் இலங்கையும் கோப்பி நாடுதான். தேயிலை அப்புறம் வந்தது.)

நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். சண்டையில் ஒருவர் செத்தால் நோயில் இரண்டு பேர் செத்தார்கள். வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், மலேரியா, சின்னமுத்து. கக்கூஸ் குழியும் குடிநீரும் பக்கத்தில் பக்கத்தில். போரில் இறந்தவர்கள் மொத்தம் சுமார் 6,20,000 பேர் என்று நீண்ட காலம் எழுதி வந்தார்கள். இப்போது ஏழரை லட்சம் அளவில் இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அதனால்தான் அநேகமாக ஒவ்வொரு கடிதமும் நான் சுகம், நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று தொடங்குகிறது. நம் வீடுகளில் நலம், நலமறிய ஆவல் என்று எழுதினோமே, அதே மாதிரி. சுகம் என்பதுதான் அன்றைக்குச் செய்தி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

[திரையில்: உறைகள். ஒன்று சுவர்க் கடதாசியில் செய்தது]

இனி தபாலுக்கு வருவோம். வடக்கில் ஒரு கடிதத்துக்கு 3 சதம். சிப்பாயின் சட்டைப்பையில் முத்திரை மழையிலும் வியர்வையிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பலரிடம் வாங்கவே காசு இருக்காது. அதனால் 1861 ஜூலையில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். உறையின் மேல் ‘சிப்பாயின் கடிதம்’ என்று எழுதி அதிகாரி ஒப்பமிட்டால் முத்திரை இல்லாமல் அனுப்பலாம், கிடைக்கிறவர் காசு கட்டி எடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீட்டில் காசில்லாமல் இருக்கிற மனைவியிடம் அந்த 3 சதத்தைக் கேட்க மனமில்லாமல்தான் பலர் முத்திரை அனுப்பு என்று எழுதினார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

தெற்கில் நிலைமை இன்னும் மோசம். தபால் செலவு 5 சதம், தூரமானால் 10. 1862 நடுப்பகுதியில் எல்லாவற்றுக்கும் 10 என்று ஆக்கினார்கள். கடதாசியே கிடைக்கவில்லை. வந்த கடிதத்தின் உறையைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி ஒட்டி, மறுபடி அனுப்புவார்கள். சுவரில் ஒட்டுகிற பூப்போட்ட கடதாசியை வெட்டி உறை செய்தார்கள். தாள் நிறைந்துவிட்டால் அதைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளுக்கு மேலேயே குறுக்காக எழுதுவார்கள். பாய் பின்னலைப் போல இருக்கும். வாசிக்கப் பழகிய கண் வேண்டும்.

வடக்கில் சாதாரண சிப்பாயின் சம்பளம் மாதம் 13 டொலர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும் என்பது விதி, பல மாதம் பாக்கி என்பது நடைமுறை. கடித உறைக்குள் நோட்டை வைத்து அனுப்பினால் வழியில் காணாமல் போகும். அதனால் 1864 நவம்பரில் அமெரிக்கத் தபால் திணைக்களம் மணியோடரைத் தொடங்கியது. சிப்பாய்களின் காசு பத்திரமாக வீடு சேர வேண்டும் என்பது அதற்கு முக்கியக் காரணம்.

கறுப்பினச் சிப்பாய்களுக்கு இந்த 13 டொலர்கூட இல்லை. 10 டொலர், அதிலும் உடுப்புக்கு 3 டொலர் பிடித்துக்கொண்டு மிச்சம். 54ஆம் மசாசூசெட்ஸ் படையணியின் ஜேம்ஸ் ஹென்றி கூடிங் 1863 செப்டம்பரில் ஜனாதிபதி லிங்கனுக்கே எழுதினார். நாங்கள் சிப்பாய்களா, கூலிகளா என்று நேராகக் கேட்டார். சம்பளத்தைச் சமமாக்கும் சட்டம் 1864 ஜூனில்தான் வந்தது.

இந்தக் கடிதங்களில் என்னை அதிகம் நிறுத்தியது ஸ்பொட்ஸ்வுட் ரைஸ் எழுதிய இரண்டு. அடிமையாக இருந்து வடக்குப் படையில் சேர்ந்தவர். 1864 செப்டம்பரில் சென் லூயிஸ் நகரில், முகாம் வைத்தியசாலையில் இருந்து எழுதுகிறார். முதல் கடிதம் இன்னும் அடிமைகளாக இருந்த தன் மகள்களுக்கு. உயிரைக் கொடுத்தாவது உங்களை மீட்பேன் என்கிறார். இரண்டாவது, அவர்களில் ஒருத்தியைத் தன் சொத்தாக வைத்திருந்த பெண்மணிக்கு. படையோடு வருகிறேன், பிள்ளையைத் தடுத்து வைக்க உனக்கு உரிமையில்லை என்கிறார். அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே பல மாநிலங்களில் குற்றமாக இருந்த காலம் அது.

[திரையில்: ஒரு பக்கக் கடிதம், திறந்த உறை]

போர்முனையைத் தாண்டி, எதிர்ப் பக்கத்தில் இருக்கிற உறவுக்கு எழுத வேண்டுமானால்? அதற்கும் வழி இருந்தது. வெள்ளைக்கொடிக் கப்பலில், வர்ஜீனியாக் கரையில் வடக்கின் கையில் இருந்த மன்ரோ கோட்டை வழியாக. ஒரு பக்கம் மட்டும், உறையை ஒட்டக்கூடாது, குடும்ப விஷயம் தவிர எதுவும் எழுதக்கூடாது. நம் பக்கத்தில் செஞ்சிலுவைச் சங்கச் செய்திப் படிவம் நிரப்பியவர்களுக்கு இதைக் கேட்டதும் விளங்கும். அதுவும் திறந்த தாள், குடும்பச் செய்தி மட்டும். ஆனையிறவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைக்கு எதைச் சொல்வது, எதை விடுவது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்த அம்மாக்கள் நம் ஊரில் எத்தனை பேர்.

கடைசியாக, இவ்வளவு ஏழைச் சிப்பாய்களின் கடிதங்கள் எப்படித் தப்பின? பாசத்தால் காத்து வைத்தவர்கள் உண்டு. ஆனால் பெரிய அளவில் காப்பாற்றியது ஓய்வூதிய அலுவலகம். 1862 ஜூலைச் சட்டப்படி, இறந்த சிப்பாயின் விதவைக்கும், மகனின் உழைப்பை நம்பியிருந்த தாய்க்கும் மாதம் 8 டொலர் உதவிப் பணம். மகன்தான் எனக்குச் சோறு போட்டான் என்று அந்தத் தாய் நிரூபிக்க வேண்டும். நம் வீடுகளில் மரணச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம் எல்லாம் ஒரு ஃபைலில் போட்டுக் கந்தோர் கந்தோராக அலைவோமே, அதே அலைச்சல். அவளிடம் இருந்த அத்தாட்சி, இத்துடன் 10 டொலர் அனுப்புகிறேன் அம்மா என்று அவன் எழுதியது மட்டும்தான். பிரதி எடுக்கும் இயந்திரம் இல்லாத காலம். மூலக் கடிதத்தையே கொடுத்தாள். அது விண்ணப்பத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டு, இன்றும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்த ஃபைலிலேயே இருக்கிறது.