பணக்காரர்களுக்கு வரியைக் கூட்டினால் முதலீடு ஓடிவிடுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. "சார், பணக்காரங்களுக்கு வரியைக் கூட்டலாம்னு போன வீடியோல சொன்னீங்க. கூட்டினா அவங்க பணத்தை எடுத்துக்கிட்டு வேற நாட்டுக்குப் போயிடுவாங்க, தொழில் படுத்துடும், கடைசியில வேலை போறது ஏழைக்குத்தானே?"ன்னு ஒரு நண்பர் கேட்டிருக்கார். அவர் பயத்துல நியாயம் இருக்கு. அதை மறைக்காமயே பேசுவோம்.

முதல்ல பிரிட்டன் கதையைச் சொல்றேன். 2010 ஏப்ரல்ல, வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல வர்ற வருமானத்துக்கு 50 சதவீத வரி வந்துச்சு. அதுக்கு முன்னாடி 40. ஒரு வருஷம் முன்னாடியே அறிவிச்சுட்டாங்க. சொந்தக் கம்பெனி வச்சிருக்கிற ஒருத்தர் என்ன பண்ணுவார்? மே மாசம் எடுக்க வேண்டிய டிவிடெண்டை, அதாவது கம்பெனி லாபத்துல தன் பங்கை, மார்ச்லயே எடுத்துப்பார். அப்படி முன்கூட்டியே எடுத்த வருமானம் மட்டும் 1,600 கோடி பவுண்டுக்கு மேலன்னு வரித்துறையே கணக்குப் போட்டுச்சு. அடுத்த வருஷம் பார்த்தா, பணக்காரங்க வருமானம் சரிஞ்ச மாதிரி தெரியுது. "பார்த்தீங்களா, வரியைக் கூட்டினதும் தொழில் போச்சு"ன்னு சத்தம். உண்மையில மாறினது கணக்குப் புத்தகத்துல தேதி. 2013ல 45க்குக் குறைச்சப்போ இதையே தலைகீழா செஞ்சாங்க, குறையுற வரைக்கும் எடுக்காம காத்திருந்தாங்க. அதனால, வரி கூட்டின முதல் வருஷத்து வசூலை வச்சு யார் எதை நிரூபிச்சாலும் நம்பாதீங்க. வரியைக் கூட்டணும்கிறவங்க, கூடாதுங்கிறவங்க, ரெண்டு தரப்புக்கும் இது பொருந்தும்.

சரி, கூட்டணும்னு சொல்றவங்க எடுத்துக்காட்டுறது 1950கள் அமெரிக்கா. உச்ச அடுக்குக்கு 91 சதவீத வரி, ஆனாலும் பொருளாதாரம் நல்லா வளர்ந்துச்சு. நானும் ஒரு காலத்துல இதைச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன்தான். ஆனா அந்த அடுக்குல வரி கட்டினவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். மூலதன லாபத்துக்கு அப்போ உச்சமே 25 சதவீதத்தை ஒட்டித்தான். சம்பளமா வாங்கினா 91, பங்கை வித்து லாபமா எடுத்தா 25ன்னா, யார் சம்பளம் கேப்பாங்க?

இந்தியாவுல 1973-74ல கூடுதல் வரியோட சேர்த்து உச்சம் 97.75 சதவீதம். மேல் அடுக்குல சம்பாதிக்கிற ஒவ்வொரு 100 ரூபாய்லயும் கையில நிக்கிறது 2 ரூபாய் 25 காசு. இவ்வளவு வரிதான் கறுப்புப் பணத்தை வளர்க்குதுன்னு, வரி முறையை ஆராய அரசே போட்ட வாஞ்சூ குழு 1971லயே சொல்லிடுச்சு. 1974 பட்ஜெட்ல 77க்கு இறக்கினாங்க.

நண்பர் சொன்ன மாதிரி உண்மையாவே ஏழைக்கு அடி விழுந்த இடமும் உண்டு. அமெரிக்காவுல 1991ல சொகுசுப் படகு வரின்னு ஒண்ணு போட்டாங்க. ஒரு லட்சம் டாலருக்கு மேல போற விலையில 10 சதவீதம், புதுப் படகுக்கு மட்டும். வாங்குறவர் "சரி, இந்த வருஷம் வேண்டாம்"னு விட்டுட்டார், இல்ல பழைய படகு வாங்கினார். அவருக்கு ஒரு நஷ்டமும் இல்ல. படகு கட்டுற பட்டறையில மரவேலை பார்த்தவங்களுக்கு வேலை போச்சு. மந்தநிலையும் அப்போ சேர்ந்துக்கிச்சு, பழி முழுக்க வரி மேல போட முடியாது. ஆனா 1993ல படகுக்கு அந்த வரியை எடுத்துட்டாங்க. பணக்காரர் வேண்டாம்னு ஒதுங்கிப் போகக்கூடிய பொருள் மேல வரி போட்டா, அது அவர் தலையில நிக்காது, பக்கத்துல இருக்கிறவர் தலையில இறங்கும்.

எது ஓடும், எது ஓடாதுங்கிறதுதான் பார்க்கணும். நிலம், கட்டடம் ஓடாது. பங்கு ஒரே நாள்ல பேர் மாறும். பங்கை விக்காம, அதைக் காட்டிக் கடன் வாங்கிச் செலவு பண்றவருக்கு வருமானமே காட்ட வேண்டியதில்ல, அவர்கிட்ட வருமான வரியை எவ்வளவு கூட்டினாலும் சிரிப்பார். மாட்டிக்கிறது மாசச் சம்பளம் வாங்குற டாக்டரும் இன்ஜினியரும்தான்.

வேலை போகுமாங்கிறதுக்கு ஒண்ணு சொல்லிடறேன். கம்பெனி கொடுக்கிற சம்பளம் செலவுக் கணக்குல கழிஞ்ச பிறகுதான் லாபத்துக்கு வரி. சரக்கு விக்கும்னு தெரிஞ்சா ஆள் எடுப்பாங்க. விக்கலைன்னா வரியே இல்லைன்னாலும் எடுக்க மாட்டாங்க.

"அப்போ எத்தனை சதவீதம்தான் வைக்கலாம்?"னு அதே நண்பர் கீழ கேட்டிருக்கார். பீட்டர் டயமண்ட், இமானுவேல் சாயஸ்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 2011ல அமெரிக்காவுக்கு ஒரு கணக்குப் போட்டாங்க. உச்ச அடுக்குல எல்லா வரியும் சேர்த்து விகிதத்தை 73 சதவீதம் வரைக்கும் கூட்டினா வசூல் ஏறும், அதைத் தாண்டினா இறங்கும்னு வந்துச்சு. வரிக்குப் பயந்து வருமானம் எவ்வளவு நழுவும்னு அவங்க ஒரு அளவு வச்சிருந்தாங்க. நழுவுறது அதைப் போல ரெண்டு மடங்குன்னு வச்சு அதே சூத்திரத்துல போட்டுப் பாருங்க, விடை 57க்கு இறங்கிடும். வருமானம் நழுவுற ஓட்டையை அடைக்காம சதவீதத்தை மட்டும் கூட்டுறதை நான் ஆதரிக்காததுக்கு இதுதான் காரணம்.