அடுத்த சொல் எப்போது வரும்?

நேயர்களுக்கு என் வணக்கம்.

2019ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதி, என் அண்ணன் மகன் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரத்தைச் சேர்ந்த டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழு, 'ஹாலோ நைட்: சில்க்சாங்' என்ற வீடியோ கேமை உருவாக்கிக்கொண்டிருப்பதாக அறிவித்தது. "சித்தப்பா, முழுப்பரீட்சை லீவுக்குள் வந்துவிடுமா?" என்று அவன் கேட்டான். அந்த விளையாட்டு வெளியானபோது அவன் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தான். நான் இன்று பேச வந்திருப்பது இந்த இடைவெளியைப் பற்றித்தான். வீடியோ கேம் ஆடாத நேயர்கள் தயவுசெய்து வானொலியை அணைத்துவிட வேண்டாம். எதற்காகவாவது நாள் எண்ணிக் காத்திருந்த எவருக்கும் இந்தப் பேச்சு விளங்கும்.

முதலில் இதற்கு முந்தைய கதையைச் சொல்லிவிடுகிறேன். டீம் செர்ரியின் ஆரி கிப்சனும் வில்லியம் பெல்லனும் 2014இன் இறுதியில் பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள். அவர்கள் கேட்டது 35,000 ஆஸ்திரேலிய டாலர். கிடைத்தது 57,000 டாலருக்கும் சற்று மேல். அந்தப் பணத்தில் தொடங்கிய 'ஹாலோ நைட்' 2017 பிப்ரவரியில் வந்தது. நிலத்துக்கு அடியில் பாழடைந்து கிடக்கும் ஒரு பூச்சிகளின் நாடு, அதில் கையில் ஆணி போன்ற வாளோடு பேசாமல் அலையும் ஒரு சின்னஞ்சிறு வீரன், அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தப் பாழ் நகரத்தில் மழை கொட்டும் ஓசையைக் கேட்டபடி நான் எத்தனையோ இரவுகள் ஆடாமல் நின்றிருக்கிறேன். உலகம் முழுவதும் 1.5 கோடிப் பிரதிகள் விற்ற விளையாட்டு அது. நிதி திரட்டியபோது, தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் இன்னொரு பாத்திரத்தையும் ஆடத் தருவோம் என்று சொல்லியிருந்தார்கள். ஹார்னெட் என்ற அந்தப் பாத்திரம், ஊசியும் நூலும் ஏந்திய ஒரு பெண். அவளுக்கான சிறிய இணைப்பாகத் தொடங்கியதுதான் வளர்ந்து வளர்ந்து, சில்க்சாங் என்ற தனி விளையாட்டாயிற்று. ஆகவே ரசிகர்கள் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் இல்லை. அவர்களில் இரண்டாயிரம் பேருக்கு மேல், விளையாட்டு பிறப்பதற்கு முன்பே பணம் கொடுத்தவர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் மறுபடியும் இதற்கு வருவேன்.

அறிவிப்புக்குப் பின் 2019 ஜூனில் ஆடிக்காட்டினார்கள். 2020இன் இறுதியில் ஒரு பிரிட்டிஷ் இதழ் அதை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. அதற்குப் பிறகு பேச்சில்லை. ஒன்றரை ஆண்டு கழித்து, 2022 ஜூனில், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில் ஒரு முன்னோட்டம் வந்தது. அந்த நிகழ்ச்சியில் காட்டப்பட்டவை எல்லாம் அடுத்த 12 மாதங்களுக்குள் ஆடக் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. 12 மாதம்! அதுவரை ரசிகர்களிடம் இருந்தது ஏக்கம்தான். கோபம் தொடங்கியது அன்றைக்கு என்பது என் கணிப்பு. ஏனென்றால் தேதி தெரியாமல் காத்திருக்கிறவனுக்கு வேறு வேலை இருக்கிறது. தேதி சொல்லப்பட்டவன் வாசலிலேயே நிற்கிறான்.

கெடு முடிய ஒரு மாதம் இருக்கையில், 2023 மே மாதத்தில், குழுவின் விளம்பரப் பொறுப்பாளர் மேத்யூ கிரிஃபின் சில வரிகள் எழுதினார். 2023இன் முதல் பாதியில் வெளியிட எண்ணியிருந்தோம், வேலை இன்னும் நடக்கிறது, விளையாட்டு பெரிதாகிவிட்டது, நன்றாகச் செய்ய அவகாசம் வேண்டும், வெளியீடு நெருங்கும்போது விவரம் சொல்வோம் என்பதே அவற்றின் சாரம். படமும் இல்லை, தேதியும் இல்லை. இருந்தும் அந்தச் சில வரிகளைப் படித்த அன்றைக்கு என் மனத்தில் இருந்த எரிச்சல் தணிந்தது. அண்ணன் மகனுக்கும் அப்படித்தான். அதன் பிறகு மறுபடியும் வாய்மூடல். அந்தப் பெரிய நிகழ்ச்சியில் வருமா, இந்த நிகழ்ச்சியில் வருமா என்று ஒவ்வொன்றாகக் கண்விழித்துப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு படுக்கப் போன இரவுகள் பல. யூடியூபில் ஒரு ரசிகர் நாள்தோறும் தோன்றி, இன்றைக்குச் சில்க்சாங் பற்றிச் செய்தி எதுவும் இல்லை என்று அறிவிப்பதையே ஆண்டுக்கணக்கில் ஒரு கடமையாகச் செய்துவந்தார். செய்தி இல்லை என்பதையே செய்தியாகத் தினமும் கேட்க ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள் என்றால், பசி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் கேக் கதையைச் சொல்லாமல் என்னால் கடந்துபோக முடியாது. 2025 ஜனவரியில், வில்லியம் பெல்லன் தம் சமூக ஊடகக் கணக்கின் பெயரை மாற்றி, முகப்பில் ஒரு சாக்லேட் கேக்கின் படத்தை வைத்தார். பெரிதாக ஒன்று வரப்போகிறது என்பது போல ஒரு வரியும் எழுதினார். அவ்வளவுதான் அவர் செய்தது. ரசிகர்கள் அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். அது ஒரு சமையல் குறிப்பில் இருந்த படம் என்றும், அந்தக் குறிப்பு 2024 ஏப்ரல் 2ஆம் தேதி வெளியானது என்றும் கண்டுபிடித்தார்கள். அதே சமயத்தில் நிண்டெண்டோ நிறுவனம் தன் புதிய வீடியோ கேம் கருவிக்கான நிகழ்ச்சியை 2025 ஏப்ரல் 2 அன்று நடத்துவதாக அறிவித்தது. இனிக் கேட்க வேண்டுமா? கேக்கின் பூச்சு, அதை வைத்த தட்டு என்று ஒவ்வொன்றுக்கும் பொருள் தேடினார்கள். நானும் என் அண்ணன் மகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதையும் அந்தக் கேக்கைப் பார்த்தபடியே செலவிட்டோம். கடைசியில் கிரிஃபின் வந்து, இதில் புதிர் எதுவும் இல்லை, ஆனால் விளையாட்டு உண்மையானது, வேலை நடக்கிறது, நிச்சயம் வெளியாகும் என்று சொன்னார். ஏப்ரல் 2 வந்தது. நிண்டெண்டோவின் அந்த நிகழ்ச்சியில் சில்க்சாங் ஒருசில நொடிகள் தோன்றியது, 2025 என்ற ஆண்டோடு. தற்செயலா, திட்டமா என்ற கேள்வியை நான் விட்டுவிடுகிறேன். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. பேச வேண்டியவர்கள் பேசாதபோது, அன்பு கொண்டவர்கள் கேக்கையும் படிக்கத் தொடங்குகிறார்கள். அது அவர்களுடைய பைத்தியம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொன்னபோதெல்லாம் எனக்கு வருத்தமாக இருந்தது. படிப்பதற்கு வேறு எழுத்து அவர்களுக்குத் தரப்படவில்லை.

உருவாக்குநர்களின் பக்கத்தையும் நான் சொல்ல வேண்டும், அதில் நியாயம் இருக்கிறது. ஒரு முன்னோட்டம் என்பது சும்மா வருவதில்லை. அதற்காகவே சில காட்சிகளை முழுமையாக மெருகேற்ற வேண்டும், அந்த நாள்களில் விளையாட்டின் வேலை நிற்கும். மேலும், முன்கூட்டியே காட்டிய ஒன்றைப் பிறகு நீக்க நேர்ந்தால் அது வாக்குத் தவறலாகிவிடும். சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. போலந்தைச் சேர்ந்த சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் அதை 2012இல் அறிவித்தது. 2013 ஜனவரியில் ஒரு காட்சி காட்டி, தயாரானதும் வரும் என்றது. 2013 இறுதியிலிருந்து நான்கு ஆண்டுகள் அந்த விளையாட்டின் ட்விட்டர் கணக்கு மௌனமாக இருந்து, 2018 ஜனவரியில் 'பீப்' என்று ஒரே ஒரு சொல்லை எழுதியது. அந்த ஒரு சொல்லுக்கே உலகம் துள்ளியது. அதன் பிறகு முன்னோட்டம் மேல் முன்னோட்டமாகப் பொழிந்தார்கள். 2020 டிசம்பர் 10 அன்று வெளியானபோது பழைய கருவிகளில் அது எவ்வளவு மோசமாக ஓடியது என்றால், ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது. இதைப் பார்த்த பிறகு எந்த உருவாக்குநருக்கும் வாய் திறக்கத் தயக்கம் வரும்தான்.

டீம் செர்ரியும் ஏறக்குறைய இதையே சொன்னது. 2025 ஆகஸ்டில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்துக்கு அளித்த பேட்டியில், தாங்கள் எங்கும் சிக்கிக்கொள்ளவில்லை, விளையாட்டை உருவாக்குவது மகிழ்ச்சியாக இருந்ததால்தான் இத்தனை ஆண்டு ஆயிற்று என்றார்கள். வேலை நடக்கிறது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால் ரசிகர்களுக்குச் சலித்துவிடும் என்று கருதியதாகவும் கிப்சன் விளக்கினார். அவரை நான் மிகவும் மதிக்கிறேன்; ஆனால் இந்த ஒரு கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ரயில் நிலையத்தில் நிற்கிறோம். வண்டி 40 நிமிடம் தாமதம் என்று ஒலிபெருக்கி சொன்னால் முகம் சுளிப்போம், பிறகு ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்காருவோம். அரை மணி கழித்து அதே குரல் அதே செய்தியை மறுபடி சொன்னால் யாரும் சலித்துக்கொள்வதில்லை. ஒலிபெருக்கி வாயே திறக்காத நிலையத்தில்தான் ஜனங்கள் தண்டவாளத்தை எட்டி எட்டிப் பார்க்கிறார்கள்.

இதற்குச் சான்று வேண்டுமென்றால் மெட்ராய்ட் ப்ரைம் என்ற விளையாட்டின் நான்காம் பாகத்தைப் பாருங்கள். நிண்டெண்டோ 2017 ஜூனில் வெறும் பெயர்ச் சின்னத்தைக் காட்டி அதை அறிவித்தது. 2019 ஜனவரியில் அந்நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஷின்யா தகஹாஷி கேமராவின் முன் வந்து நின்று, இதுவரை நடந்த வேலை எங்கள் தரத்துக்கு வரவில்லை, ரெட்ரோ ஸ்டூடியோஸ் குழுவோடு சேர்ந்து முதலிலிருந்து தொடங்குகிறோம், வெளியீடு இன்னும் வெகுதூரம் தள்ளிப்போகும் என்று சொன்னார். வந்தது கெட்ட செய்திதான். ஆனால் அதற்குப் பிறகு 2024 ஜூன் வரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேல், விளையாட்டின் ஒரு காட்சிகூட வராதபோதும், நான் அறிந்த ரசிகர்கள் யாரும் ஏமாற்றப்பட்டதாகப் பேசவில்லை. தங்களிடம் உண்மை சொல்லப்பட்டது என்ற நினைவு அவர்களை ஐந்து ஆண்டுகள் தாங்கியது. கேக்கைப் படிக்கும் நிலைக்கு அவர்கள் வரவில்லை. 2025 டிசம்பர் 4 அன்று அந்த விளையாட்டு வந்துசேர்ந்தது.

சில்க்சாங்குக்குத் திரும்புகிறேன். 2025 ஆகஸ்ட் 21 அன்று முன்னோட்டத்தோடு தேதியும் வந்தது: செப்டம்பர் 4. இரண்டே வாரம்! ஆறரை ஆண்டு காத்திருப்புக்குப் பின் 14 நாள். செப்டம்பர் 4 அன்று இந்திய நேரம் இரவு ஏழரை மணிக்கு விற்பனை தொடங்கியது. கூட்டம் தாங்காமல் ஸ்டீம், நிண்டெண்டோ, ப்ளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என இணையக் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திணறின. ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள். பார்த்தீர்களா, விளம்பரமே இல்லாமல் வென்றுவிட்டதே, மௌனம்தான் சிறந்த விளம்பரம் என்று என் நண்பர்கள் வாதிடுகிறார்கள். இந்த வாதம் எனக்குக் கவலை தருகிறது. 1.5 கோடிப் பிரதிகள் விற்ற முதல் விளையாட்டின் மீதிருந்த அன்புதான் அந்த மௌனத்தைத் தாங்கியது. அப்படி ஒரு முதல் பாகம் இல்லாத குழு இதைப் பின்பற்றினால் மறக்கப்பட்டுவிடும். அதோடு, மௌனத்துக்கு வேறு யாரோ விலை கொடுத்தார்கள். அந்த வாரத்தில் வெளியிடுவதற்காகப் பல மாதங்கள் திட்டமிட்டிருந்த சிறு குழுக்கள், இரண்டு வார அவகாசத்தில் தங்கள் தேதிகளைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. செப்டம்பர் 3 அன்று வரவிருந்த 'டீமன்ஸ்கூல்' நவம்பருக்குப் போனது. சிறிய குழு ஒன்றின் மௌனம் மற்றச் சிறிய குழுக்களைத் தடுமாறவைத்ததை நான் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது.

முன்பே பணம் கொடுத்தவர்களிடம் வருவேன் என்றேன். அவர்களுக்குச் சில்க்சாங் இலவசமாகவே தரப்பட்டது. டீம் செர்ரி வாக்கைக் காப்பாற்றியது, அதற்கு என் மரியாதை. ஆனால் அந்தப் பத்தாண்டில் அவர்கள் கேட்டிருக்கக்கூடியது ஒன்றுதான். முன்னோட்டம் வேண்டாம், படம் வேண்டாம். அடுத்த சொல் எப்போது வரும் என்று மட்டும் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பேசுகிறோம், அதற்கு இடையில் எந்த நிகழ்ச்சியிலும் எங்களைத் தேடாதீர்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால், எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைகாட்டுகிறார்கள். இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ என்ற விளையாட்டின் ஆறாம் பாகத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்தாம் பாகம் 2013 செப்டம்பரில் வந்தது. ஆறாம் பாகத்தின் முதல் முன்னோட்டத்தை அதை உருவாக்கும் ராக்ஸ்டார் நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்டது. அடுத்ததற்கு 2025 மே வரை, 17 மாதம் ஆயிற்று. அந்த இடைவெளியில் விளம்பரப் படம் ஒன்றிலிருந்த நிலவின் பிறையை வைத்து நாள் கணித்தவர்கள் உண்டு, கேக்கைப் போலவேதான். தாய் நிறுவனத்தின் தலைவர் ஸ்ட்ராஸ் ஜெல்னிக், வெளியீட்டை ஒட்டி விளம்பரம் செய்வதே தங்கள் வழக்கம் என்று வெளிப்படையாகச் சொன்னார்; அது வழக்கம் என்றால் மதிக்கிறேன். ஆனால் தேதி 2025 என்பதிலிருந்து 2026 மே 26 ஆகி, பிறகு 2026 நவம்பர் 19 ஆக மாறியபோது, ஒவ்வொரு முறையும் மாற்றத்தை மட்டும் சொல்லிவிட்டு, மூன்றாவது முன்னோட்டம் எந்தப் பருவத்தில் வரும் என்பதைச் சொல்லாமல் விட்டார்கள். அந்த ஒரு வரிக்குச் செலவு எதுவும் இல்லை.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆறாம் பாகத்துக்கென்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். 2018 ஜூனில் மலைகளும் ஒரு பெயரும் மட்டும் தெரியும் அரை நிமிடக் காட்சி வந்ததையும், அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல இன்று நேரமில்லை. பேச அழைத்த நிலையத்தாருக்கும் இவ்வளவு நேரம் கேட்ட உங்களுக்கும் நன்றி, வணக்கம்.